பட்டியலிடப்பட்ட மாளிகை: சட்டம் எதைக் காக்கிறது? பாசில்டன் பார்க்கை முன்வைத்து ஒரு விளக்கம்

2020 செப்டம்பரில், இங்கிலாந்தின் பழைய மாளிகைகள் பலவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஓர் அறிக்கையை வெளியிட்டது. அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்புடைய 93 இடங்களைத் தன் சொத்துகளுக்குள்ளிருந்தே அது அடையாளம் காட்டியது. அதைத் தொடர்ந்து பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்த சர்ச்சையில் ‘முதல் தரப் பட்டியலிடப்பட்ட கட்டடம்’ என்ற தொடர் அடிக்கடி அடிபட்டது. இப்படிப் பட்டியலிடப்பட்ட வீடு என்றால் அரசு கையகப்படுத்திய வீடு என்று சிலரும், வெறும் கௌரவப் பட்டம் என்று சிலரும் புரிந்துகொண்டனர். இரண்டும் சரியல்ல.

அந்த 93 இடங்களில் ஒன்றான பாசில்டன் பார்க்கை எடுத்துக்கொண்டால், சட்டத்தின் வீச்சும் வரம்பும் தெளிவாகப் புலப்படும். பெர்க்‌ஷயரில், தேம்ஸ் பள்ளத்தாக்கை ஒட்டிய சரிவில், பாங்போர்னுக்கும் ஸ்ட்ரீட்லிக்கும் இடையே நிற்கும் கல் மாளிகை இது. எசெக்ஸ் மாவட்டத்தில் இதே பெயரில் உள்ள புதுநகருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

1. ‘பட்டியலிடுதல்’ என்பது என்ன

இங்கிலாந்தில் சிறப்பான கட்டடக்கலை மதிப்போ வரலாற்று மதிப்போ உள்ள கட்டடங்களை அரசு ஒரு தேசியப் பட்டியலில் சேர்க்கிறது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்னும் அமைப்பு பரிந்துரைக்கிறது. பண்பாட்டுத் துறை அமைச்சர் முடிவெடுக்கிறார். ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள் இப்பட்டியலில் உள்ளன. அவை மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன: முதல் தரம், நட்சத்திரக் குறியிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம். முதல் தரத்தில் இருப்பவை மொத்தத்தில் சுமார் 2.5 விழுக்காடு மட்டுமே. பாசில்டன் அவற்றுள் ஒன்று. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இரண்டாம் தரத்தைச் சேர்ந்தவை.

பட்டியலில் சேர்வதால் கட்டடத்தின் உரிமை கைமாறுவதில்லை. உரிமையாளர் அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், உள்ளே குடியிருக்கலாம். ஆனால் கட்டடத்தின் சிறப்பியல்பைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், இடிப்புக்கும் உள்ளூர் நிர்வாகத்திடம் தனி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதலின்றிச் செய்தால் அது சிவில் தகராறோடு முடிந்துவிடாது, குற்றமாகும். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனையும் உச்சவரம்பற்ற அபராதமும் விதிக்க முடியும். முகப்பு மட்டுமே பாதுகாக்கப்படுகிறது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. உண்மையில் உட்புறம் முழுவதும், வீட்டோடு இணைந்த பொருத்துகளும், அதே வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்து நிற்கும் துணைக் கட்டுமானங்களும் பாதுகாப்புக்குள் வருகின்றன.

வயதும் ஓர் அளவுகோல். 1700-க்கு முன் கட்டப்பட்டு, மூலக் கட்டுமானத்தில் கணிசமான பகுதியைத் தக்கவைத்துள்ள கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாமே பட்டியலுக்குத் தகுதியுடையவை. 1700 முதல் 1850 வரையிலானவற்றில் பெரும்பாலானவை தகுதி பெறும். அதற்குப் பிந்தையவை கறாராகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

2. கட்டடம்: செங்கல் நாட்டில் ஒரு கல் வீடு

பாசில்டன் பார்க்கின் கட்டுமானம் 1776-இல் தொடங்கியது. கட்டடக் கலைஞர் யார்க் நகரத்து ஜான் கார். கல்தச்சர் குடும்பத்தில் வெஸ்ட் யார்க்‌ஷயரின் ஹார்பரியில் பிறந்தவர். அவருடைய பணிகளில் பெரும்பாலானவை வட இங்கிலாந்தில்தான் உள்ளன. தெற்கே இவ்வளவு பெரிய வீட்டை அவர் எடுத்துக் கட்டியது அரிது. கட்டச் சொன்ன பிரான்சிஸ் சைக்ஸும் ஹார்பரிக்கு அருகிலிருக்கும் தார்ன்ஹில் பகுதியைச் சேர்ந்தவர் என்பதை நினைத்தால் இந்தத் தேர்வு வியப்பளிக்காது. லண்டனின் புகழ்பெற்ற கலைஞர்களை விட்டுவிட்டு, சைக்ஸ் தன் ஊர்ப்பக்கத்து மனிதரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

பாணி, பல்லாடியன். 16-ஆம் நூற்றாண்டில் வடஇத்தாலியில் வாழ்ந்த ஆந்த்ரேயா பல்லாடியோ வகுத்த முறை அது: நடுவில் உயர்ந்த பிரதான கட்டடம், இருபுறமும் தாழ்ந்த சிறகுக் கட்டடங்கள், எல்லாம் ஒரே நடு அச்சில் சமச்சீராக. பாசில்டனில் நடுக்கட்டடம் மூன்று அடுக்குகள் கொண்டது. தரைத்தளத்துக் கற்களின் விளிம்புகளைச் செதுக்கி, இணைப்புகள் ஆழமாகத் தெரியுமாறு விட்டிருக்கிறார்கள். அதனால் அது பாரம் தாங்கும் பீடம்போல் தோன்றுகிறது. அதற்கு மேல் உயரமான முக்கியத் தளம். விருந்தினரை வரவேற்கும் அறைகள் அனைத்தும் அங்கேதான். உச்சியில் தாழ்ந்த கூரையுடைய படுக்கையறைத் தளம். சமையல் முதலான ஏவல் வேலைகள் சிறகுக் கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டன.

மேற்கு முகப்பின் நடுவே, முக்கோண முகடு தாங்கிய நான்கு அயோனியத் தூண்கள் (தலைப்பில் சுருள் வடிவம் கொண்ட கிரேக்கவகைத் தூண்கள்) எழுகின்றன. பல மாளிகைகளில் இத்தகைய தூண் மண்டபம் சுவருக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், அதற்கு ஏறிச்செல்லப் பெரிய வெளிப்படிக்கட்டு இருக்கும். கார் இரண்டையும் தவிர்த்தார். தூண்கள் சுவரின் வரிசையிலேயே நிற்க, மண்டபம் உட்குழிந்து போகிறது. வருபவர் தரைத்தளத்திலுள்ள தாழ்ந்த வளைவு வாயில்கள் வழியாக நுழைந்து, இடமும் வலமும் மறைந்திருக்கும் படிகளில் ஏறி, திடீரென்று தூண்களுக்குப் பின்னே, திறந்தவெளியைப் பார்த்தவாறு வெளிப்படுகிறார். ஆங்கிலேய மழைக்கு இது வசதி என்பது ஒருபுறம் இருக்கட்டும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு, தாழ்விலிருந்து உயரத்துக்கு ஆளை நகர்த்தும் இந்த ஏற்பாடுதான் வீட்டின் ஆகச் சிறந்த யோசனை என்பது என் கருத்து. கிழக்கே தோட்டத்தைப் பார்த்த பக்கம், சுவரின் நடுப்பகுதி கோணமாக வெளியே தள்ளி எண்கோண அறைக்கு இடம் தருகிறது.

உள்ளே உள்ள பெரிய மாடிப்படியும் நின்று பார்க்கத்தக்கது. ஒவ்வொரு கற்படியின் ஒரு முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது. மறுமுனைக்குக் கீழே எந்தத் தூணும் இல்லை. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ள படியின் விளிம்பில் அமர்ந்து சுமையை இறக்குகிறது. அந்தரத்தில் தொங்குவதுபோன்ற தோற்றம் இதனால்தான். மேலே அரைவட்டச் சாளரங்களிலிருந்து வெளிச்சம் இறங்குகிறது.

அடுத்து, கல். சுற்றுவட்டாரத்தில் இயற்கையாகக் கிடைப்பவை சுண்ணாம்புப் பாறை, சிக்கிமுக்கிக் கல், செங்கல்லுக்கான களிமண் ஆகியவையே. ஊர் வீடுகள் செங்கல்லும் சிக்கிமுக்கியும் கொண்டு எழுந்தவை. சைக்ஸ் பயன்படுத்தியதோ மேற்கே தொலைவிலுள்ள பாத் நகரச் சுரங்கங்களின் தேன்நிறச் சுண்ணக்கல். மீன்முட்டை போன்ற நுண்மணிகள் செறிந்து உருவான இந்தக் கல் வெட்டியெடுத்த ஈரத்தில் மென்மையாக இருக்கும், எத்திசையிலும் அறுக்கலாம், நுண்செதுக்கு வேலைக்கு இடங்கொடுக்கும்; காற்றுப்பட்டுச் சுரங்க நீர் வற்றியபின் மேற்பரப்பு இறுகும். பூமியில் எந்தப் படுகையாகக் கிடந்ததோ அதே கிடப்பில் சுவரில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஏடு ஏடாக உரியும். தேம்ஸையும் பாத் பகுதியையும் இணைத்த கென்னட்–ஏவன் கால்வாய் 1810-இல்தான் முழுமையடைந்தது. எனவே 1776-இல் இந்தக் கல்லைப் பெர்க்‌ஷயருக்குக் கொண்டுவருவதே பெருஞ்செலவு. செங்கல் வட்டாரத்தில் கல் வீடு எழுப்புவது என்பது பணத்தை வெளிப்படையாகக் காட்டும் செயல்.

3. பணம் எங்கிருந்து வந்தது

சைக்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்க ஊழியர். காசிம்பஜார் பட்டுக் கிடங்கில் வாரன் ஹேஸ்டிங்ஸோடு பணியாற்றியவர். ராபர்ட் கிளைவின் நம்பிக்கைக்கு உரியவர். 1765-இல் முகலாயப் பேரரசரிடமிருந்து வங்கத்தின் திவானி உரிமையை, அதாவது நிலவரியை வசூலிக்கும் அதிகாரத்தை, கம்பெனி பெற்றபோது, முர்ஷிதாபாத் நவாபின் அவையில் கம்பெனியின் ரெசிடெண்டாக சைக்ஸ் அமர்த்தப்பட்டார். நாட்டின் வருவாய் நிர்வாகத்தை மேற்பார்வையிடும் நாற்காலி அது. கம்பெனி தந்த சம்பளம் சிறிது. ஆனால் உப்பு, பட்டு, மரம் முதலியவற்றில் சொந்த வியாபாரம் செய்ய ஊழியர்களுக்கு வழியிருந்தது. வரி வசூலிப்பவரே வியாபாரியாகவும் இருந்ததால் போட்டியாளர் எவரும் அவர்முன் நிற்க முடியவில்லை. சில ஆண்டுகளில் பெருஞ்செல்வத்தோடு அவர் ஊர் திரும்பினார். அந்தக் காலத்தை ஒட்டியே, 1769–70-இல், வங்கத்தைக் கொடும் பஞ்சம் தாக்கியது.

ஈட்டிய பணத்தை லண்டனுக்கு அனுப்புவதே அக்காலத்தில் ஒரு கலை. பொதுவாக மூன்று வழிகள் இருந்தன.

(அ) கம்பெனியின் உள்ளூர்க் கருவூலத்தில் பணத்தைச் செலுத்தி, லண்டனில் மாற்றிக்கொள்ளும் உண்டியல் (பணம் பெறுவதற்கான சீட்டு) பெறுவது. இதற்குக் கம்பெனி அவ்வப்போது உச்சவரம்பு விதித்தது.

(ஆ) டச்சு, பிரெஞ்சு கம்பெனிகளுக்குக் கடனாகக் கொடுத்து ஐரோப்பாவில் வாங்கிக்கொள்வது.

(இ) வைரமாக மாற்றிக் கொண்டுபோவது. இந்த வழிக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சென்னையிலிருந்தே கிடைக்கிறது. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், தான் வாங்கிய மாபெரும் வைரத்தை 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். அவர் வாங்கி வாழ்ந்து 1726-இல் இறந்த ஸ்வாலோஃபீல்ட் மாளிகையும் இதே பெர்க்‌ஷயரில்தான் இருக்கிறது.

பிட் தனி ஆளல்ல. பாசில்டனுக்குச் சில மைல் தொலைவிலுள்ள எங்கிள்ஃபீல்ட் மாளிகை, சென்னை ஆளுநராக இருந்த ரிச்சர்ட் பென்யனின் குடும்பத்துக்குத் திருமண உறவு வழியாகச் சேர்ந்தது. கீழைநாட்டுப் பணத்தோடு திரும்பியவர்கள் இப்படி நெருங்கிக் குடியேறியதால், பெர்க்‌ஷயரை ‘ஆங்கில இந்துஸ்தானம்’ என்றே அக்காலத்தவர் கேலி செய்தனர்.

இவ்வகைப் பணக்காரர்களை ‘நபாப்’ என்று ஏளனமாக அழைத்த பழைய நிலப்பிரபுக்களுக்கு அவர்கள்மேல் பொறாமையும் அச்சமும் இருந்தன. அச்சத்துக்குக் காரணம் நாடாளுமன்றம். 1774 தேர்தலில் டார்செட்டின் ஷாஃப்ட்ஸ்பரி தொகுதியில் சைக்ஸும், அவரைப் போலவே வங்கத்திலிருந்து திரும்பிய தாமஸ் ரம்போல்டும் வென்றார்கள். பொம்மலாட்டத்துப் ‘பஞ்ச்’ போல வேடமிட்ட ஒருவரைச் சிறு அறைக்குள் உட்கார வைத்து, கதவிலிருந்த துளை வழியாக வாக்காளர்களுக்கு இருபது இருபது கினிகளாக (அக்கால ஆங்கிலத் தங்க நாணயங்கள்) பொட்டலம் கொடுத்தது விசாரணையில் அம்பலமானது. தேர்தல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது; தோற்ற வேட்பாளர் தொடுத்த வழக்கில் சைக்ஸ் 11,000 பவுண்ட் கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பு வந்தது 1776-இல், பாசில்டனில் கட்டுமானம் தொடங்கிய அதே ஆண்டில். ரம்போல்டுக்கு இதனால் எந்தக் குறையும் நேரவில்லை: 1778-இல் அவர் சென்னை ஆளுநரானார்.

4. முடியாத வீடு, வாங்கிய வியாபாரி

வீடு எழுந்ததே ஒழிய, உள்வேலை முழுதாக முடியவில்லை. எண்கோண அறை அலங்காரம் இல்லாமலே கிடந்தது. 1804-இல் சைக்ஸ் இறந்தார். சிறிது காலத்திலேயே மகனும் இறக்க, குழந்தையாயிருந்த பேரன் வாரிசானான். வளர்ந்த பேரனின் ஊதாரித்தனமும் அடமானங்களும் சேர்ந்து சொத்தைக் கரைத்தன.

1838-இல் வீட்டை வாங்கியவர் ஜேம்ஸ் மோரிசன். ஜவுளிச் சில்லறைச் சரக்கைக் குறைந்த லாபத்தில் விரைவாக விற்றுப் பெருகிய லண்டன் மொத்த வியாபாரி. விலை ஒரு லட்சம் பவுண்டுக்குச் சற்றே குறைவு. கட்டடக் கலைஞர் ஜே. பி. பேப்வொர்த்தைக் கொண்டு எண்கோண அறையை முடித்தார். ஆங்கில ஓவியர்கள் கான்ஸ்டபிள், டர்னர் முதலியோரின் படைப்புகள் அவருடைய சேகரிப்பில் இருந்தன. அவருக்குப்பின் பிள்ளைகள் 1910 வரை இங்கு வாழ்ந்தார்கள்.

5. 1929: சட்டம் பார்த்துக்கொண்டிருந்த சூறையாடல்

1929-இல் மோரிசன் குடும்பம் பாசில்டனை விற்றது. கைமாறி வந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்ட ஜார்ஜ் ஃபெர்டினாண்டோ என்பவர், அதைக் கல் கல்லாகப் பிரித்து அமெரிக்காவில் விரும்பிய இடத்தில் மீண்டும் கட்டித் தருவதாக விளம்பரம் செய்தார். விலை பத்து லட்சம் டாலர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வாங்க ஆள் வரவில்லை. எனவே வீட்டை விட்டுவிட்டு, உள்ளுறுப்புகளை விற்றார். கணப்புகளும் கதவுகளும் பெயர்க்கப்பட்டன. உணவறையின் சுதை வேலைப்பாடு கழற்றப்பட்டு, 1931-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ‘பாசில்டன் அறை’ ஆனது.

இன்று சிறைத் தண்டனை பெறக்கூடிய இந்தச் செயலை அன்று ஏன் எவரும் தடுக்கவில்லை? காரணங்கள் அடுக்கடுக்காக உள்ளன.

(1) பழைய நினைவுச்சின்னங்களைக் காக்கும் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பு வீடுகளை வெளிப்படையாக விலக்கிவைத்தது. இடிந்த கோட்டைக்குக் காவல் உண்டு, மாளிகைக்கு இல்லை; சொத்துரிமையில் கைவைக்கப் பிரபுக்கள் அவை இடங்கொடுக்கவில்லை.

(2) 1908-இல் அமைக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம், தன் கணக்கெடுப்பின் எல்லையை முதலில் 1700 என்றும் பின்னர் 1714 என்றும் வகுத்துக்கொண்டது. 1776-இல் தொடங்கிய வீடு அரசின் கண்ணில் ‘பழையது’ ஆகவே இல்லை.

(3) 1932-ஆம் ஆண்டு ஊரமைப்புச் சட்டம் உள்ளூர் நிர்வாகங்களுக்குப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தைத் தந்தது. பாசில்டனின் உட்புறம் அதற்கு முன்பே காலியாகிவிட்டது.

1913 சட்டத்தின் பின்னணியில் இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. 1911-இல் லிங்கன்‌ஷயரின் டாட்டர்‌ஷால் கோட்டையிலிருந்து கணப்புகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட இருந்தபோது, அவற்றையும் கோட்டையையும் வாங்கி மீட்டவர் கர்சன் பிரபு. வைஸ்ராயாக இருந்தபோது 1904-இல் இந்தியாவுக்குப் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவரே. டாட்டர்‌ஷால் விவகாரம்தான் 1913 சட்டத்துக்குத் தூண்டுகோலானது.

பட்டியலிடும் முறை 1944, 1947 ஊரமைப்புச் சட்டங்களில் பிறந்தது. போரில் குண்டுவீச்சுக்கு ஆளான நகரங்களில் எதை இடிக்கலாம், எதைக் காக்கவேண்டும் என்று முடிவு செய்யவேண்டிய அவசரம் அதற்கு ஒரு காரணம். ஆனால் தொடக்கத்தில் அது பல்லில்லாத சட்டம். உரிமையாளர் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். அதற்குள் உள்ளூர் நிர்வாகம் தனியாகப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்காவிட்டால் இடித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே ஒப்புதல் பெறவேண்டும் என்ற கட்டாயம் 1968-இல்தான் வந்தது.

6. இரவல் கதவுகள்

போர்க்காலத்தில் பாசில்டனில் அமெரிக்கப் படையினர் தங்கினர். போர்க் கைதிகளும் அடைக்கப்பட்டனர். 1952-இல், பின்னாளில் இரண்டாம் ஐலிஃப் பிரபு ஆன லாங்டன் ஐலிஃப் தம் மனைவியோடு இந்த வெற்றுக் கூட்டை வாங்கினார். பெயர்த்து விற்கப்பட்டவற்றுக்கு ஈடு எங்கே கிடைக்கும்? லிங்கன்‌ஷயரில் கார் பணியாற்றிய பாண்டன் ஹால் என்ற மாளிகை 1960-களில் இடிபட்டது. அங்கிருந்து கணப்புகளையும் மகோகனிக் கதவுகளையும் ஐலிஃப் தம்பதியர் வாங்கி வந்தனர். கார் அளவுகளில் அத்தனை கண்டிப்பானவர் என்பதால், பாண்டனின் கதவுகள் பாசில்டனின் காலி நிலைகளில் அச்சாகப் பொருந்தின என்று ஐலிஃப் சீமாட்டி பதிவு செய்திருக்கிறார். பட்டியல் முறைக்குப் பல் முளைக்காத காலத்தில் ஒரு வீட்டின் அழிவு இன்னொரு வீட்டின் மீட்புக்குக் கச்சாப் பொருளாயிற்று. 1978-இல் வீட்டையும் பூங்காவையும் பராமரிப்பு நிதியோடு நேஷனல் டிரஸ்டுக்கு அவர்கள் வழங்கினார்கள்.

இப்போது சட்டத்தின் கேள்விக்கு வருவோம். வேறு வீட்டிலிருந்து வந்த கதவு பாசில்டனின் பகுதியா? ஆம். கட்டடத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்ட எதுவும் கட்டடமே. அது எந்த ஆண்டில், எங்கிருந்து வந்தது என்பது பொருட்டல்ல. மாறாக, அதே வீட்டில் மாட்டப்பட்டுள்ள, காவென்ட்ரி பேராலயத் திரைச்சீலைக்காக ஓவியர் கிரஹாம் சதர்லேண்ட் வரைந்த முன்னோட்டச் சித்திரங்கள், வெறுமனே ஆணியில் தொங்குபவை என்பதால் பட்டியலின் வரம்புக்குள் வருவதில்லை.

இந்த எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. வார்விக்‌ஷயரில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் கல் பீடங்கள்மேல் நின்ற, 18-ஆம் நூற்றாண்டின் இரண்டு ஈயச் சாடிகளை உரிமையாளர் 2009-இல் ஏலத்தில் விற்றார். அவை தனித்தனியே பட்டியலில் இருந்தன என்பது பிறகே அவருக்குத் தெரியவந்தது. பட்டியலில் பெயர் இருந்தாலே அது கட்டடம்தான் என்று கீழ்நிலைகளில் முடிவானது. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பட்டியலில் உள்ள பொருள் உண்மையில் கட்டடமா என்று உரிமையாளர் கேள்வி எழுப்பலாம் என்றும், அளவு, நிலைத்தன்மை, தரையோடு பிணைந்திருக்கும் விதம் ஆகிய மூன்றையும் பார்த்து அதை முடிவு செய்யவேண்டும் என்றும் அது தீர்ப்பளித்தது.

7. பட்டியல் பேசாத இடம்

சட்டத்தின் சொற்களில் ‘வரலாற்று மதிப்பு’ இடம்பெறுகிறது. ஆகவே முர்ஷிதாபாத்தும் பெர்க்‌ஷயரும் பிணைந்த கதையைப் பாசில்டனின் மதிப்பில் ஒரு கூறாகக் கருதச் சட்டத்தில் தடை ஏதுமில்லை. ஆனால் சட்டத்தால் கட்டுப்படுத்த முடிவது பருப்பொருளை மட்டுமே. ஒரு கணப்பை அகற்றினால் வழக்குத் தொடரலாம். அதற்கான பணம் வந்த வழியைப் பார்வையாளருக்குச் சொல்லாமல் விட்டால் எதுவும் செய்ய முடியாது. பழைய பட்டியல் பதிவுகளைப் படித்தால் இது விளங்கும்: எத்தனை சாளரங்கள், எந்த வகைத் தூண், எந்தக் கலைஞர், எந்த ஆண்டு. கட்டடத்தை அடையாளம் காண்பதற்காக எழுதப்பட்டவை அவை. அண்மைப் பதிவுகள் விரிவானவை. பழையவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

அந்த இடைவெளியை நிரப்ப, மாளிகைகளை நிர்வகிக்கும் நேஷனல் டிரஸ்டே தானாக முன்வந்ததுதான் 2020 அறிக்கை. நன்கொடையாளர்களின் நோக்கத்துக்கு மாறாக அரசியல் செய்வதாக அறக்கட்டளை ஆணையத்துக்குப் புகார்கள் போயின. ஆணையம் விசாரித்து, டிரஸ்ட் அறக்கட்டளைச் சட்டத்தை மீறவில்லை என்று 2021 மார்ச்சில் அறிவித்தது. இந்தச் சர்ச்சை எந்தக் கட்டடத்தின் பட்டியல் தரத்தையும் தொடவில்லை, தொடவும் முடியாது.